பாடம் எழுதப் போன நாலு நாள்

வேனில் ஆறு பேர். முன்னால் டிரைவர் சுரேஷ். அவர் பக்கத்தில் எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் செல்வகுமார் சார். நடு இருக்கையில் பெங்களூரில் இருந்து வந்த நந்தினி மேடம். பாடம் அமைப்பது அவர் தொழில். அவரை ஒட்டி படம் வரைகிற தாஸ் அண்ணன், மடியில் சுருட்டிய சார்ட் தாள். பின் இருக்கையில் சிதம்பரம் பிள்ளை. நாஞ்சில்நாட்டில் நெல் விவசாயம், அவர் ஊர்ப் பள்ளியின் பெற்றோர் குழுவில் இருக்கிறார். சன்னல் ஓரம் நான், உஷா. பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை.

ஒன்று முதல் எட்டு வரை பிள்ளைகளுக்குப் புதிதாகப் பாடம் எழுதுகிறார்கள் என்று சார் சொல்லித்தான் தெரியும். அரசாங்கப் புத்தகத்துக்குப் பதில் இல்லை, அதோடு சேர்த்துப் படிப்பதற்கு. பிள்ளையை நடுவில் வைத்துப் பாடம் என்றார். அந்தந்த ஊரில் பிள்ளை என்ன பார்க்கிறது, என்ன செய்கிறது என்று பெற்றோர் வந்து சொல்ல வேண்டும். பாடத்தைச் சில பள்ளிகளில் நடத்திப் பார்ப்பார்கள். அந்தப் பள்ளிகளுக்கு மேல் வகுப்புக்கென்று ஒரு டீச்சரும் தருவார்கள்.

எங்கள் பள்ளியில் எட்டு வகுப்புக்கு இரண்டு பேர். ஆறும் ஏழும் எட்டும் ஒரே அறையில் இருக்கும். இன்னொரு ஆள் வராவிட்டால் மேல் வகுப்பு மூன்றையும் மலைக்குக் கீழே உள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. காலையில் கீழே போக எங்களுக்குப் பஸ் கிடையாது. என் மகள் அபி ஏழாம் வகுப்பு. மேல் வகுப்பு கீழே போனால் அவள் படிப்பு அதோடு தீர்ந்தது. நான் போனது அதற்காக.

எனக்கு ஒதுக்கிய மரங்களை ராணி அக்கா வெட்டிக் கொள்வதாகச் சொன்னார். பக்கத்து வீடு. இரண்டு வயது மகன் அஜினை அபியிடம் விட்டேன், ராத்திரி இருவரும் ராணி அக்கா வீட்டில். வீட்டுக்காரர் கேரளாவில் பால் வெட்டு, மாதம் ஒருமுறை வருவார்.

முதல் நாளே வேன் நின்றது. எஞ்சினில் இருந்து புகை. ஏதோ பெல்ட் அறுந்தது என்று சுரேஷ் பைக்கில் ஒருவரை நிறுத்தி ஏறிப் போனார். இரண்டு மணி நேரம் கால்வாய் ஓரத்தில் இருந்தோம். ஒரு சாயாக்கடை இருந்தது. ரசவடை தின்றோம். நந்தினி மேடம் சீனி இல்லாமல் சாயா கேட்டார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த வயசிலேயே சுகரா என்று சாரிடம் மெதுவாகக் கேட்டார். சிதம்பரம் பிள்ளை அதை மேடத்திடம் சொல்லிக் கொடுத்தார். மேடம் சிரித்தார். பிறகு கடைக்காரரே ஒரு ஏத்தன்பழம் கொண்டு வந்து வைத்தார். நோயாளிக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தார்.

அப்போது சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அங்கே அபியுடைய ஒரு நாளைப் பற்றிக் கேட்பார்கள் என்றார்.

"ஆறு மணிக்கு எழும்புவா, குளிப்பா, பள்ளிக்கு வருவா. அவ்வளவு போரும். உள்ளதெல்லாம் சொல்லாண்டாம், கேட்டியளா உஷா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. சார் எப்போதும் பயந்த ஆள்.

பாடம் எழுதப் போய் நாங்கள் தங்கிய இடத்தில் டைல்ஸ் தரை, ஆளுக்கு ஒரு கட்டில், பைப்பில் எப்போதும் தண்ணீர். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஆறு வீட்டுக்கு ஒரு பைப். மத்தியானம் சாம்பாரும் வெள்ளை அரிசிச் சோறும் போட்டார்கள். சிவப்புச் சம்பா அரிசி தின்றவளுக்கு அது வயிற்றில் நிற்காது. மூன்று மணிக்குப் பசித்தது.

மேடம் இங்கிலீஷில் பேசினார். சார் தமிழில் சொன்னார். மேடம் சொன்னது இது. பிள்ளைக்குத் தெரிந்ததில் இருந்து பாடம் தொடங்க வேண்டும். தெரியாததில் தொடங்கினால் பிள்ளை முதல் பக்கத்திலேயே போய்விடும். உடம்பு இருக்கும், பிள்ளை இருக்காது. அது எனக்குப் புரிந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் அப்படித்தான் இருந்தேன்.

பிறகு மேடம் சார்ட் தாளில் கடிகாரம்போல வட்டம் போட்டார். எழும்புவது முதல் படுப்பது வரை உங்கள் பிள்ளை என்ன செய்கிறது. நடப்பதை மட்டும் சொல்லுங்கள், நடக்க வேண்டியதைச் சொல்ல வேண்டாம் என்றார்.

நான் நடப்பதைச் சொன்னேன்.

நாலு மணிக்கு அபி எழும்புவாள். கட்டன்சாயா குடிப்போம். நான் கத்தியும் வாளியும் எடுப்பேன். அவள் தம்பியைத் தோளில் போடுவாள். என் தலையில் லைட் இருந்தாலும் அவள் டார்ச் அடித்து முன்னால் நடப்பாள், பாம்பு கிடந்தால் தெரியும். ரப்பர் காட்டில் சாக்கு விரித்துத் தம்பியைக் கிடத்துவாள். நான் வெட்டும் முன்னால், மரத்தில் கட்டிய சிரட்டையில் ஒட்டியிருக்கும் பழைய பாலை உரித்து எடுத்துத் தருவாள். முன்னூற்று இருபது மரம். விடிந்ததும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நோட்டு வைத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒன்பது மணிக்குத் தம்பியை என்னிடம் தந்துவிட்டு, பால் கொண்டு கொடுக்கிற ஷெட்டின் பைப்பில் கை கழுவி, அப்படியே பள்ளிக்கு நடப்பாள். தினமும் போவாள்.

எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான். பிள்ளையை லயத்தில் தனியாக விட்டுப் போக முடியாது. தோட்டத்தில் பிள்ளை பார்க்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே இருந்த ஆயா ஓய்வு பெற்ற நாள் முதல் பூட்டிக் கிடக்கிறது.

நான் முடித்ததும் மேடம் வேகமாக எழுதினார். மரத்தை வரிசை வரிசையாக எண்ணுவதில் பெருக்கல் இருக்கிறது என்றார். மரத்தில் வெட்டு சாய்ந்து போவதில் கோணம் இருக்கிறது. பால் உறைவதில் அறிவியல் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு தெரியும், ஆனால் பரீட்சையில் எவ்வளவு வாங்குகிறாள் என்று சாரிடம் கேட்டார். சார் மார்க்கைச் சொன்னார், குறைவுதான். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

சிதம்பரம் பிள்ளை என்னைப் பார்த்தார். "எங்க பய ஏழு மணிக்கு எழும்பதுக்கு மூணு பேரு வேணும் பாத்துக்கிடுங்கோ. தண்ணி தெளிக்க ஒராளு, தூக்கி நிறுத்த ஒராளு, ஏச நானு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. எனக்கு அன்று மனதுக்குள் பெருமையாக இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் சிதம்பரம் பிள்ளையின் ஊருக்குப் போனோம். கன்னிப்பூ நெல் அறுப்பு நடந்தது. அவ்வளவு பரந்த சமநிலத்தை நான் பக்கத்தில் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் மரம் மறைக்கும். இங்கே கண் போய்க்கொண்டே இருந்தது. வயலில் ஆள் இல்லை. ஒரு மெஷின், அதன் மேல் ஒரு ஆள். பிள்ளை வரப்பில் குடை பிடித்து நின்றார்.

வயல் ரோட்டில் எதிரே டிராக்டர் வந்தது. சுரேஷ் ஒதுங்கினார். வேனின் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கியது. மேடமும் இறங்கித் தள்ளினார், முட்டளவு சேறு. டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்தார். இழுத்துவிட்டு, பாடம் எழுதுகிறவர்களா, முதலில் ரோட்டுக்கு ஒரு பாடம் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளை வீட்டில் சாப்பாடு. அவியல், தீயல், பருப்பு, நெய், பாயசம். இலையில் வைத்ததை நான் முழுவதும் தின்றேன். பிள்ளையின் மகன் ஐந்தாம் வகுப்பு. அவன் வட்டத்தைச் சாப்பிட்ட இடத்திலேயே போட்டார்கள். ஏழரைக்குப் பள்ளி வேன், நாலரைக்கு வீடு, ஐந்து மணிக்கு டியூஷன், ஏழு மணிக்கு இந்தி. எட்டு மணிக்குப் போன். உங்கள் வயல் எது என்று மேடம் கேட்டார். அவன் அப்பாவைப் பார்த்தான். வயல் சன்னல் வழியே தெரிந்தது, எது என்று அவனுக்குத் தெரியவில்லை. சிதம்பரம் பிள்ளையின் முகம் வாடியது. அந்தப் பையனுக்கும் ஒரு பாடம் எழுதினார்கள். வயலைக் காலால் அளந்து படம் வரைவது. பிள்ளை தானே எழுந்து முதல் வரப்பில் நின்று காட்டினார்.

மூன்றாம் நாள் சிதறால். மலை மேல் பாறையில் குடைந்த கோயிலுக்குக் கல்பாதையில் ஏறினோம். பிள்ளை மூன்று இடத்தில் உட்கார்ந்தார். எனக்கு மூச்சு வாங்கவில்லை. தினமும் ஏறி இறங்குகிற கால். மேலே பாறையில் வரிசையாக உருவங்கள். நந்தினி மேடம், பாதையில் எத்தனை வளைவு, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கல்லில் எத்தனை உருவம் நிற்கிறது, எத்தனை உட்கார்ந்திருக்கிறது என்று பாடத்தில் பிள்ளைகளிடம் கேட்கலாம் என்றார். விடையைப் புத்தகத்தில் அச்சடிக்கக் கூடாது, பிள்ளை ஏறிப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றார். நல்ல யோசனை என்று எனக்குப் பட்டது.

அங்கே நிழலில் உட்கார்ந்து தாஸ் அண்ணன் அபியை வரைந்தார். அவளை அவர் பார்த்ததில்லை. நான் சொல்லச் சொல்ல வரைந்தார். முடி எப்படி, தம்பியை எந்தத் தோளில் போடுவாள், டார்ச் எந்தக் கையில். மரத்தில் வெட்டு மட்டும் தப்பாக இருந்தது. இடது மேலே தொடங்கி வலது கீழே இறங்க வேண்டும். அவர் மாற்றிப் போட்டிருந்தார்.

"இப்பிடி வெட்டினா பாலு வராதா அக்கா?"

"வரும். கொறவாட்டு வரும்."

அழித்துத் திருத்தினார். எத்தனை டிகிரி சாய்வு என்று சாரிடம் கேட்டார். முப்பது என்றார் சார். எனக்கு டிகிரி தெரியாது, கையைச் சாய்த்துக் காட்டினேன். தாஸ் அண்ணன் கோணமானி வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. மேடம் அதைப் போட்டோ எடுத்தார்.

படத்தில் அபி காட்டில் நின்றாள். அவள் கண்ணைத் தாஸ் அண்ணன் பெரிதாக வரைந்திருந்தார்.

நாலாம் நாள் எழுதியதை எல்லாம் சுவரில் ஒட்டினார்கள். பணம் கொடுக்கிற அமைப்பில் இருந்து ஒரு அம்மா வந்தார். டெல்லி. அறுபது வயது இருக்கும். நாற்காலி போட்டும் உட்காரவில்லை, ஒவ்வொரு தாளாக நின்று படித்தார். பிள்ளையின் வயல் பாடத்தைப் பார்த்துச் சிரித்தார். சிதறால் பாடத்தில் இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக் கொண்டார். அபியின் படத்துக்கு முன்னால் வந்தார். அங்கே வெகுநேரம் நின்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். இந்தப் பிள்ளையின் அம்மாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவர் கேட்டதைச் சார் தமிழில் சொன்னார்.

"எத்தன மணிக்கு ஒறங்குவான்னு கேக்காவ."

"ஒம்பதரை ஆவும்."

"எழும்பது நாலு மணிக்கா?"

"ஆமா."

அவர் கைவிரலில் கணக்குப் பார்த்தார். மூன்று நாளாக வட்டம் போட்டவர்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானும் நினைத்ததில்லை.

பிறகு அந்த அம்மா நிறையப் பேசினார். குரல் உயரவில்லை. என்ன என்று நான் சாரிடம் கேட்டேன். பாடம் நல்ல பாடம், ஆனால் இதை அச்சடித்தால் பிள்ளையை வேலைக்கு விடுவது சரி என்று நாமே சொன்னதாகும், அப்படிச் சொல்கிறார் என்றார்.

"வேல இல்ல சாரே. கூட வருகா, அவ்வளவுதான்."

சார் அதை இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்தே பதில் சொன்னார். சார் சுவரைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"அது வேலையா இல்லியான்னு அந்தப் பிள்ளகிட்ட எப்பமாவது கேட்டதுண்டான்னு கேக்காவ."

கேட்டதில்லை. அதைச் சொன்னேன்.

தோட்டத்தின் பெயரைக் கேட்டார். சொன்னேன். இப்படி ஒன்று தெரிய வந்தால் தோட்டத்துக்கு எழுத வேண்டும், அது அவர்கள் அமைப்பின் சட்டம் என்றார். நந்தினி மேடம் குறுக்கே வந்து பேசினார். இருவரும் வெளியே போய்ப் பேசினார்கள். திரும்பி வரும்போது மேடத்தின் கண் சிவந்திருந்தது. அபியின் பாடத்தைச் சுவரில் இருந்து தாஸ் அண்ணன் எடுத்தார். கிழியாமல் எடுத்தார்.

திரும்பும்போது சிதம்பரம் பிள்ளை இறங்கும் இடம் வந்தது. இறங்கி நின்று என் பக்கத்துச் சன்னலில் கை வைத்தார்.

"சவம், நான் எங்க பயலப் பத்தி நூறு கள்ளம் சொல்லியிருக்கேன் பாத்துக்கிடுங்கோ. இந்தி கிளாசே கெடையாது. நீங்க ஒண்ணு சொல்லியிருக்கப்பிடாதா?"

சார் முன்னால் இருந்தார். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

திரும்பி வந்த ஏழாம் நாள் பால் ஷெட்டில் தாள் ஒட்டினார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள யாரும் பால் வெட்டுகிற பகுதிக்குள் வரக்கூடாது. கைக்குழந்தையும் கூடாது. கூட்டி வருகிறவரின் மரம் வேறு ஆளுக்குப் போகும். மேனேஜர் கெட்டவர் இல்லை. வந்த கடிதத்தை எடுத்துக் காட்டினார். பிள்ளை பார்க்கிற இடத்தைத் திறந்து ஒரு ஆயாவைப் போடுங்கள் என்று நாங்கள் கேட்டோம். மேலே எழுதுகிறேன் என்றார். எழுதினார். அந்தக் காப்பியும் காட்டினார். பூட்டு அப்படியே இருக்கிறது.

சின்னப் பிள்ளை உள்ள வீடு எங்கள் லயத்தில் ஒன்பது. அம்மா நாலரைக்குப் போனால் பால் கொண்டு கொடுத்துத் திரும்ப மத்தியானம் ஆகும். அதுவரை சின்னதை யார் பார்ப்பது. யானை வருகிற இடம். பூட்டிவிட்டுப் போக மனம் வராது. அதனால் மூத்த பிள்ளைகள் வீட்டில் நின்றார்கள். ஒன்பது மணிக்குத் தம்பியை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு நடந்தவர்கள், இப்போது தம்பியோடு மத்தியானம் வரை வாசலில் இருக்கிறார்கள்.

ராணி அக்கா ஷெட்டில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

"நாலு நாளு வேனுல ஊரு சுத்தினா. நமக்கெல்லாம் சேத்து வாங்கிட்டு வந்தா."

அவருக்கும் ஆறாம் வகுப்பில் ஒரு மகள் உண்டு. மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், உப்பு இருக்கா என்று.

அந்த டெல்லி அம்மாவின் மேல் கோபமா என்று சார் கேட்டார். இல்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. பதில் அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

நான் ஒரு மத்தியானம் அபியிடம் கேட்டேன். அவள் தம்பிக்கு மரச்சீனிக் கிழங்கு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"காட்டுக்கு வந்தது ஒனக்கு வேலையாட்டு இருந்துதாட்டி?"

யோசித்தாள்.

"ஒறக்கம் வரும். கணக்கு பீரியடுல கண்ணு சொருவும். ஆனா பள்ளிக்குப் போனேம்லா."

அவ்வளவுதான் சொன்னாள். தம்பியின் வாயைத் துடைத்தாள்.

மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. சிரட்டையில் தண்ணீர் விழுந்தால் பால் கெட்டுப்போகும். அன்று நான் வீட்டில் இருப்பேன், அபி பள்ளிக்குப் போவாள். முன்பெல்லாம் மழை என்றால் எனக்கு எரிச்சல், அன்று கூலி இல்லை. இப்போது அவள் எழும்பியதும் முதலில் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்க்கிறாள். இந்த ஐப்பசியில் மழை குறைவு.

எங்கள் பள்ளியை அந்த அமைப்பு எடுத்துக்கொண்டது. நந்தினி மேடம் பிடிவாதமாக நின்று வாங்கித் தந்தார் என்று சார் சொன்னார். மேல் வகுப்பு கீழே போகவில்லை. டீச்சர் வந்துவிட்டார். குலசேகரத்தில் இருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறார். நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் இப்போது லயத்தில் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் சாண் வைத்து அளக்கிறார்கள், பாடமாம். கேட்க நன்றாக இருக்கிறது.

போன வாரம் புத்தகம் வந்தது. சார் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். நாலாவது பாடம் எங்கள் பாடம். தாஸ் அண்ணன் புதிதாக வரைந்திருந்தார். ஒரு பெண்பிள்ளை ஆறு மணிக்கு எழும்புகிறாள். பல் தேய்க்கிறாள். அம்மா தலை சீவிவிடுகிறாள். பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு நடக்கிறாள். போகிற வழியில் ரப்பர் மரங்களை வரிசை வரிசையாக எண்ணுகிறாள். பெருக்கல் கணக்கு அங்கே தொடங்குகிறது.

அபி அஜினை மடியில் வைத்துக்கொண்டு பாடம் முழுவதையும் படித்தாள். கணக்கு எல்லாவற்றையும் மனதிலேயே போட்டு விடை சொன்னாள். ஒன்றும் தப்பவில்லை.

"சாரே, பள்ளிக்குப் போற வழியில ரப்பர் இல்லியே. தேக்குல்லா நிக்கி."

சார் ஆமாம் என்றார். அடுத்த பதிப்பில் மாற்றச் சொல்கிறேன் என்றார். அவர் கையில் வருகைப் பதிவேடு இருந்தது. வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம், அதற்கும் சேர்த்துத்தான் வந்திருந்தார். என் பேரை எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் ஒட்டிய பிறகு அபி பள்ளிக்கு வராத நாள் எத்தனை என்று கேட்டேன். சார் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

முப்பத்தொன்று.